எந்த முயலுக்கு?

வடக்கே, பாதி ஆண்டு பனி மூடிக்கிடக்கும் மலைநாட்டில் ஒரு பொதுக்காடு இருந்தது. முயலையும் கௌதாரியையும் அங்கே யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம். ஊர் முத்திரை பதித்த சிறு வட்ட மரவில்லை ஒன்று கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வில்லைக்கு ஒரு பிராணி.

வில்லைகளைக் கொடுப்பவள் உத்தரை. அவளுடைய குரு நிருபமர், அவளைவிட வயதில் சிறியவர். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவள் மூச்சிரைக்க அவர் குடிலுக்கு வந்தாள்.

"குருவே, எனக்குப் பயமாக இருக்கிறது."

"எதற்கு?"

"இந்த ஆண்டு விளைச்சல் இல்லை. எல்லாரும் வில்லை கேட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். தீர்ந்ததும் மறுபடி கொடுத்தேன். இப்போது போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்."

"பிறகு?"

"இன்று தோமரன் என் வாசலில் வில்லையை விட்டெறிந்தான். 'இதை வேகவைத்துத் தின்னவா?' என்று கேட்டான். அவன் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். நாளை எல்லாரும் கண்ணி வைக்க அனுமதி கேட்டு வரப்போகிறார்கள். கொடுத்தால் காடு போய்விடும். மறுத்தால் குழந்தைகள் போய்விடுவார்கள். நான் என்ன செய்வேன்?"

நிருபமர் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு வில்லை கொடுங்கள்."

பதற்றத்தில் அவள் உடனே மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த முயலுக்கு?"

அவள் வில்லையை வாங்கிப் பார்த்தாள்; அதில் ஊர் முத்திரை மட்டுமே இருந்தது.

"காலையில் தேடிப் பார்ப்போம். தோமரனையும் வரச் சொல்லுங்கள்."

விடிந்ததும் மூவரும் காட்டுக்குள் போனார்கள். தோமரன் உத்தரையின் முகத்தைப் பார்க்கவில்லை. வில்லும் அம்பும் தோளில் தொங்க முன்னால் நடந்தான். பனியில் ஒரு நரியின் பழைய தடம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. புதர்களின் அடியில் குனிந்து பார்த்தார்கள். ஓடைக்கரையில் காத்திருந்தார்கள். ஒரு கௌதாரிகூடக் கூப்பிடவில்லை.

வெயில் ஏறியபோது தோமரன் சட்டென்று கையைக் காட்டினான். சரிவில் ஒரு வெள்ளை முயல் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

அவன் நாணை இழுத்தான்.

"அம்மா," என்றான் மெதுவாக, "காலையிலிருந்து இது ஒன்றுதானே?"

"ஆமாம்."

"எய்யட்டுமா?"

அத்தனை வில்லைகளையும் அள்ளிக் கொடுத்தவள் அவள்தான். திரும்பிக் குருவைப் பார்த்தாள். அவர் முயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தோமரா," என்றாள் கடைசியில்.

நாண் தளர்ந்தது. முயல் தாவி மறைந்தது. தோமரன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"வீட்டில் போய் என்ன சொல்வேன்?"

"என் குதிரில் பார்லி இருக்கிறது. நேராக அங்கே வா. மற்ற வீடுகளில் என்ன இருக்கிறதென்று நானே போய்க் கேட்கிறேன். இருப்பதைப் பகிர்ந்துகொள்வோம். பனி உருகும்வரை யாருக்கும் வில்லை கிடையாது."

"திட்டுவார்கள், அம்மா."

"திட்டட்டும்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவள் வீட்டுப் பக்கம் இறங்கினான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர் கூழைத்தான் குடித்தது. கண்டபடி ஏசியது. உத்தரை ஒவ்வொரு வீட்டுக்கும் பயந்துகொண்டேதான் போனாள். தோமரனின் குழந்தை பிழைத்தது. வசந்தத்தில் சரிவெங்கும் குட்டி முயல்கள் ஓடின. அதன் பிறகும் அவள் நிம்மதியாக இல்லை. குருவிடம் வந்தாள்.

"மறுபடி கேட்கிறார்கள். கொடுக்கலாமா?"

"கொடுங்கள். வேட்டையாடிப் பிழைக்கிற ஊர்தானே."

"எத்தனை கொடுப்பது? மறுபடி தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டால்?"

நிருபமர் கைத்தடியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"வீட்டில் உட்கார்ந்திருந்தால் வீடுகளைத்தான் எண்ணுவீர்கள், அம்மா. காட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்."