ஆமையின் முதுகில் தேங்காய் மட்டை

சொல்ல வந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அணில் பவளத்துக்கு ஒரே பயம். தென்னை மரத்தில் பாதி தூரம் இறங்குவாள், மறுபடியும் ஏறிக்கொள்வாள். கீழே குளக்கரையில் அவளுடைய தோழி ஆமை மரகதம் புதுத் தொழிலுக்கு வாடிக்கை பிடித்துக்கொண்டிருந்தாள்.

குளத்துக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைக் காடு. சுற்றிப் போனால் வழியில் பாம்புப் புற்று. அதனால் சின்னப் பிராணிகளை முதுகில் ஏற்றி அக்கரையில் விடுவது, கூலியாக ஒரு பழம் வாங்கிக்கொள்வது என்று மரகதம் முடிவு செய்திருந்தாள்.

நல்ல யோசனைதான். ஆனால் மரகதத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. மேலே நிழல் பட்டால் போதும், சட்டென்று தண்ணீரில் முழுகிவிடுவாள். பேசிக்கொண்டே இருப்பாள், ஓலை ஆடும், நிழல் விழும், ஆளைக் காணோம்! தான் முழுகுவது அவளுக்கே தெரியாது.

கடைசியில் பவளம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

"மரகதம், கோவிச்சுக்காதே. நீ முழுகிட்டா முதுகுல இருக்கறவங்க கதி என்னடி?"

"நான் எதுக்கு முழுகப் போறேன்?"

"நேத்துகூட முழுகினியே! ஓலை நிழல் பட்டதும்!"

"முழுகினேனா? சும்மா தலையை நனைச்சிருப்பேன். தண்ணியில என்னடி பயம்?"

"உனக்குப் பயம் இல்லை. ஆனா ஏறுறவங்க..."

"தொழில் தொடங்குறப்பவே வாயை வைக்காதே! நான் நாலு பேர் மெச்ச இருந்துட்டா உனக்குப் பொறுக்காதா?"

பவளம் பயந்தபடியே தப்பாகத்தான் சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வயல் எலி மாடசாமி தன் இரண்டு குஞ்சுகளோடு வந்தார். "நாளைக்குக் காலையில முதல் சவாரி நாங்கதான், ஆமையக்கா! பசங்க கடலையைப் பார்த்தே எத்தனையோ நாளாச்சு!"

குஞ்சுகள் இன்னும் நீந்தப் பழகவில்லை. பவளத்தால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மரத்தடியில் சுற்றிச் சுற்றி வந்தவள் கண்ணில் ஒரு காய்ந்த தேங்காய் மட்டை பட்டது. கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

மறுநாள் காலை அதை உருட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போனாள். மாடசாமியும் குஞ்சுகளும் முன்னமே வந்திருந்தார்கள்.

"இது எதுக்கு?" என்று மரகதம் முறைத்தாள்.

"உன் முதுகு வழவழன்னு இருக்கு. உட்கார ஒரு இடம் வேண்டாமா? என் பங்குக்கு வெச்சுக்கோடி."

மரகதத்தின் முகம் மலர்ந்தது. "இப்படிப் பேசினா என்னவாம்! ஆனா இது ஆடக் கூடாது. மாடசாமி, அங்கே கிடக்கிற தேங்காய் நாரை எடுத்து என் முதுகோட இறுக்கிக் கட்டுங்க!"

"கட்ட வேண்டாம்!" என்று பவளம் கத்திவிட்டாள்.

"ஏன் கட்டக் கூடாது?"

காரணத்தைச் சொன்னால் மறுபடியும் சண்டை. பவளம் வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். மாடசாமி வரிந்து வரிந்து கட்டினார்.

மாடசாமியும் குஞ்சுகளும் மட்டைக்குள் ஏறினார்கள். பின்னாலேயே பவளமும் தாவி ஏறினாள். தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவள்!

"பார்த்தியா, உனக்கே ஆசை வந்துடுச்சு!" என்று சிரித்தபடி மரகதம் நீந்தத் தொடங்கினாள்.

கரை விலகியதுமே பவளம் குனிந்து நாரைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே?" என்று மாடசாமி பதறினார்.

"பல் அரிக்குது அண்ணே. சும்மா இருங்க."

நார் கெட்டியாக இருந்தது. ஒவ்வொரு இழையாக அறுந்தது. குளத்தின் நடுவுக்கு வந்தபோது ஒரே ஓர் இழை பாக்கி. அப்போது மேலே ஒரு கொக்கு பறந்தது. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, பாவம். ஆனால் அதன் நிழல் தண்ணீரின் மேல் இவர்களை நோக்கி ஓடி வந்தது.

பவளம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தாள். இழை அறுந்தது. மரகதத்தைக் காணோம்!

மட்டை ஒரு சுற்றுச் சுற்றி மிதந்தது. குஞ்சுகள் கீச்சிட்டன. மாடசாமி இரண்டையும் அணைத்துக்கொண்டார். எல்லாருக்கும் கால் நனைந்தது, அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் மரகதம் தலையை நீட்டினாள். "என்ன, எல்லாரும் நடுவழியில இறங்கிட்டீங்க?"

"நாங்க இறங்கலை அக்கா, நீங்கதான் இறங்கிட்டீங்க!" என்றார் மாடசாமி.

மரகதம் அறுந்த நாரைப் பார்த்தாள். நடுங்கும் குஞ்சுகளைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிப்போயிற்று.

"நிஜமாவே முழுகிட்டேனாடி?"

"ஆமாண்டி."

"கட்டினது கட்டினபடி இருந்திருந்தா..."

"அதனாலதான் கடிச்சேன்."

மரகதம் மட்டையை மூக்கால் தள்ளிக்கொண்டுபோய் அக்கரையில் விட்டாள். அன்றைக்குக் கூலிப் பழத்தை அவள் தொடவில்லை.

அதன் பிறகு மட்டையைக் கட்டாமலே சவாரி நடந்தது. மரகதம் முழுகினாலும் மட்டை மிதந்தது. தொழிலும் நிலைத்தது. பவளமும் கடலைக்கு அடிக்கடி போய் வந்தாள். ஆனால் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மட்டையின் அடியில் கையை விட்டு, எங்காவது நார் கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

தோழியின் புது முயற்சியில் ஆபத்து தெரிந்தால் சொல்லிப் பார்க்க வேண்டும், கேட்காவிட்டாலும் விலகிப் போகாமல், அவள் தவறும் இடத்தில் தாங்கிக்கொள்ள ஒரு வழி செய்து வைக்க வேண்டும்.