கயிறில்லாமல் வாங்கிய கார்

மூக்குத்திப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். நான் பெண் எடுத்த ஊர் அது. இன்றைக்கும் அங்கே போனால் எனக்கு இலை கொள்ளாமல் சோறு போடுகிறார்கள். ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். மிச்சம் உங்கள் பாடு.

அந்த ஊரில் மூன்று மாட்டுத் தரகர்கள் இருந்தார்கள். நாச்சிமுத்து, ஆறுச்சாமி, ராக்கியப்பன். மாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள், சுழியைப் பார்த்து யோகம் சொல்வார்கள். மாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பதை அவர்கள் ஒரு குறையாக நினைத்ததில்லை. மாட்டைத் தவிர உலகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்பது அவர்கள் கட்சி.

நாச்சிமுத்துவின் தங்கை கோகிலவாணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். அவன் அப்பா அவினாசியப்பன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார் பெரிய காராகக் கொண்டுவர வேண்டும், அது அவர்களுடைய சொந்தக் காராக இருக்க வேண்டும்.

"வாடகைக் காரைக் கொண்டாந்து நிறுத்துனீங்கன்னா, பையனைக் கூட்டிக்கிட்டுப் பிள்ளையார் கோயில்ல இருந்தே திரும்பிருவேனுங்க," என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கோகிலவாணி அண்ணனிடம் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, அவரு நடந்து வந்தாலும் எனக்குச் சம்மதந்தான். ஆனா அவங்கப்பா திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டா என்னால தாங்க முடியாது. எனக்கு அவரைப் புடிச்சுப் போச்சு."

நாச்சிமுத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண். அவன் தோளில் தூக்கி வளர்த்தவள். ஒரு காருக்காக அவள் கண் கலங்கக் கூடாது என்று முடிவு செய்தான்.

டவுனில் ஜெயசீலன் என்று ஒருவர் பழைய கார் விற்கிற கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு ஒரு வெளிநாட்டுக் கார் வந்திருப்பதாகத் தகவல் கிடைத்தது. கறுப்பு நிறம். ஒரு காலத்தில் மில் முதலாளி ஒருவர் ஏறிப் போனது. இப்போது மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டதால் அதன் விலை ஒரு ஜோடி காங்கேயம் காளைகளின் விலைக்கு இறங்கி வந்திருந்தது.

"எடுத்தேன் கவுத்தேன்னு வாங்கிறாதீங்க. மெக்கானிக் அந்தோணி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க," என்றாள் கோகிலவாணி. அந்தக் குடும்பத்தில் இப்படிப் பேசக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

அந்தோணி ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். தலையை வெளியே நீட்டாமலே பேசினார். "அந்த வண்டிங்களா? ரொம்ப ஓடுன வண்டியாச்சே. அதான் அதுல பயம். மேல இருக்கிற பளபளப்பைப் பாத்து ஏமாந்துறாதீங்க. இஞ்சின் சூடா இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லாதீங்க, நல்லா ஆறுன பொறகு பண்ணிப் பாருங்க. அப்பறம் முக்கியமா, ஜெயசீலன் பேசியே ஆளைக் கவுத்துருவாரு. அவரு கடைக்குள்ள நீங்க வாயே தொறக்காதீங்க."

மூன்று பேரும் இதைப் பாடம் போல ஒப்பித்துக்கொண்டே, நாச்சிமுத்துவின் ஜோடிக் காளைகளை மாட்டு வண்டியில் பூட்டிக்கொண்டு, டவுனுக்குப் புறப்பட்டார்கள். கையில் புதுத் தாம்புக்கயிறு ஒன்றும் வாங்கிக்கொண்டார்கள். எதை வாங்கப் போனாலும் புதுக்கயிறு கொண்டுபோவது தரகர்களின் வழக்கம்.

கடை வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். உள்ளே போனால் வாய் திறக்கக் கூடாது என்பதால், பேச வேண்டியதை அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

"ரொம்ப ஓடுன வண்டி, அதான் பயம்னாரே. அதுல என்ன பயம்?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

ஆறுச்சாமி தாடையைத் தடவினான். "நம்ம செவலைக் காளை ஒண்ணு இருந்துச்சே, கட்டுத்தறியில நிக்கவே நிக்காது. அவுத்து விட்டா மூணு ஊரு தாண்டிப் பழைய எசமான் வூட்டு வாசல்ல போய் நிக்கும். அது மாதிரிதான் இதுவும். ஓடியே பழகிருச்சு."

"மூணு லட்சம் கிலோமீட்டரு ஓடிருச்சுன்னா, எத்தனை எசமானை விட்டுட்டு ஓடியிருக்கும்?" என்றான் நாச்சிமுத்து.

"அதனாலதான் விலை கம்மி," என்றான் ராக்கியப்பன். "ஓடற கொணத்தை மட்டும் நிறுத்திட்டோம்னா, இதுக்கு மேல நல்ல வண்டி கெடையாது."

அந்தோணி சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்று மூவருக்கும் தெளிவாகிவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஜெயசீலன் கும்பிட்டு வரவேற்றார். பதில் இல்லை. டீ சொல்லட்டுமா என்றார். தலையை மட்டும் ஆட்டினார்கள். வந்த டீயைக் குடிக்கவில்லை. வாயைத் திறக்காமல் டீ குடிக்க முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கார் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆறுச்சாமி பக்கத்துத் தோட்டத்து ஓரம் போய் ஒரு கூடைச் சேற்றை அள்ளி வந்தான். மூவரும் சேர்ந்து பளபளப்பு எங்கேயும் தெரியாதபடி காருக்குப் பூசினார்கள். பூசிய பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, இனிமேல் ஏமாற முடியாது என்ற நிம்மதியோடு பார்த்தார்கள். ஜெயசீலன் இருபது வருஷமாகக் கார் விற்கிறவர். இந்த மாதிரி ஆட்களை அவர் பார்த்ததில்லை. பெரிய நிபுணர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ராக்கியப்பன் இஞ்சின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லிக் கை ஜாடை செய்தான். தொட்டுப் பார்த்தால் வெயிலில் நின்ற சூடு. உடனே நனைத்த சாக்கை அதன்மேல் போர்த்தினார்கள். ஆறுச்சாமி துண்டால் விசிறினான். நாச்சிமுத்து கடைப் பானையில் இருந்த தண்ணீரை எடுத்து, ஜுரம் வந்த கன்றுக்குட்டிக்குச் செய்வது போல, நெற்றிப்பக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தெளித்தான். நன்றாக ஆறிய பிறகு, ஆகட்டும் என்று தலையசைத்தான்.

ஜெயசீலன் சாமியை வேண்டிக்கொண்டு சாவியைத் திருகினார். கார் இருமியது, குலுங்கியது, புகை விட்டது, பிறகு உறுமத் தொடங்கியது. உறுமிய கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் இருந்து கறுப்பு எண்ணெய் ஒழுகித் தரையில் குளம் கட்டியது.

வியாபாரம் போச்சு என்று ஜெயசீலன் காலால் ஒரு அட்டையைத் தள்ளி அதை மறைக்கப் பார்த்தார். ராக்கியப்பன் அட்டையை விலக்கினான். மூவரும் அந்த எண்ணெய்க்கு முன்னால் நின்று கைகூப்பினார்கள். நாச்சிமுத்துவின் கண்களில் நீர் முட்டியது. மூவரும் ஓட்டமாக வேப்பமரத்தடிக்கு வந்தார்கள்.

"விலை பேசறதுக்கு முன்னாலயே கோமியம் உட்டுருச்சு பாத்தியா," என்றான் ஆறுச்சாமி.

"இந்த மாதிரி சகுனம் எனக்கு இத்தனை வருஷத்துல அமைஞ்சதில்லை. கோகிலாவுக்கு நல்ல வாழ்க்கை இருக்குது," என்றான் நாச்சிமுத்து.

திரும்ப உள்ளே போய், ஜெயசீலனின் கையைப் பிடித்துத் துண்டால் மூடி, துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டு விலை கேட்டார்கள். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். ஜெயசீலனுக்கு விரல் பாஷை தெரியாது. மூன்று பேர் வாயைத் திறக்காமல் முறைத்துக்கொண்டு, துண்டுக்கு அடியில் விரலை ஒவ்வொன்றாக மடக்கினால் யாருக்குத்தான் பயமாக இருக்காது? அவர் தானாகவே விலையைக் குறைத்தார். இன்னொரு விரலை மடக்கினார்கள். இன்னும் குறைத்தார்.

பணம் கைமாறியது. காகிதங்களைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லி, ஜெயசீலன் காரை நியூட்ரலில் போட்டு, சாவியை உருவி நாச்சிமுத்துவிடம் நீட்டினார். அங்கேதான் மூவரும் திகைத்துப் போனார்கள். மறுபடியும் வேப்பமரம்.

"இது எதுக்குங்கறேன்?" என்றான் நாச்சிமுத்து சாவியைத் தூக்கிப் பிடித்து.

"அவரு இதைக் கையில புடிச்சதும் வண்டி உறுமுச்சு. இதை உருவுனதும் அடங்கிருச்சு," என்றான் ராக்கியப்பன். "அப்ப இதுதான் அதுக்குத் தலைக்கயிறு."

"கயித்தோட வாங்குனா வெளங்குமா?" என்றான் ஆறுச்சாமி. " வித்தவன் கயிறு வித்தவனுக்கு. நாம புதுக்கயிறு போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும். பழைய கயிறு கூட வந்தா, வண்டி பழைய எசமானையே நெனைச்சுக்கிட்டு ஓடிரும்."

ஓடுகிற குணத்துக்கு மருந்தும் கிடைத்துவிட்டது. சாவியை ஒரு வெற்றிலையில் வைத்து, பாக்கும் சேர்த்து, ஜெயசீலனின் மேசைமேல் மரியாதையாக வைத்தார்கள். அவர் பதறி, "ஏனுங்க, சாவிங்க, சாவி," என்று பின்னாலேயே வந்தார். மூவரும் வாயைத் திறக்காமல் கும்பிட்டார்கள். வேறு சாவி வைத்திருக்கிறார்களாக்கும் என்று அவரும் விட்டுவிட்டார். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. இது ஓடி ஓடித் தேய்ந்த வண்டி. அந்தப் பூட்டு விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

புதுத் தாம்புக்கயிற்றைக் காரின் மூக்கில் கட்டி, காளைகளைப் பூட்டினார்கள். மாட்டு வண்டியை விட்டுவிட்டா வர முடியும்? அதைக் காருக்குப் பின்னால் கட்டினார்கள். முன்னால் காளை, நடுவில் கார், பின்னால் மாட்டு வண்டி. ஊர் வந்து சேர்ந்ததும் காரைக் கட்டுத்தறியில் முளைக்குச்சி அடித்து, நான்கு சக்கரத்தையும் தனித்தனியாகக் கட்டினார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது அது ஓடாமல் அங்கேயே நின்றது. மூவரும் அந்தோணிக்கு மனசார நன்றி சொன்னார்கள்.

கோகிலவாணி காரைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், சாவி எங்கே என்று கேட்டாள். சொன்னார்கள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் மாப்பிள்ளை அழைப்பு. டவுனுக்கு ஆள் அனுப்பினால் ஜெயசீலன் கடையைப் பூட்டிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தார். உயிரோடு வீடு திரும்பினால் வருகிறேன் என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டாராம்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் மாப்பிள்ளை மாலையோடு நின்றார். சேறு கழுவிய கார் பளபளவென்று வந்தது, காளைகளுக்குப் பின்னால். மேளம் தானாக நின்றுவிட்டது. அவினாசியப்பனின் முகம் சுருங்கியது. அங்கே கல்யாண மண்டப வாசலில் கோகிலவாணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கார் சொந்தமுங்களா?" என்றார் அவினாசியப்பன்.

"சத்தியமா சொந்தமுங்க மாமா."

"முன்னால எதுக்குங்க காளை?"

நாச்சிமுத்துவுக்குக் கேள்வி புரியவில்லை. "பின்னால கட்டுனா இழுக்காதுங்களே மாமா," என்றான்.

அவினாசியப்பன் யோசித்தார். அதில் தவறு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. சந்தேகத்தோடு மகன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. இஞ்சின் சத்தம் இல்லை, புகை இல்லை, குலுக்கல் இல்லை. காளைகளின் சலங்கை மட்டும் கேட்டது. போகப் போக அவர் முகம் மலர்ந்தது.

"என்ற தம்பியும் ஒரு காரு வெச்சிருக்கறான். உள்ள உக்காந்தா காது செவிடாப் போயிரும். இது ஓடுதா நிக்குதான்னே தெரியலையே. மைலேஜ் எவ்வளவு குடுக்குதுங்க?"

"ஒரு படி பருத்திக்கொட்டை வெச்சா டவுனுக்குப் போயிட்டு வந்துருமுங்க."

அவினாசியப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து அசந்து போனார். மண்டபத்தில் இறங்கியதும் அவர் முதலில் செய்தது, கோகிலவாணியின் தலையில் கை வைத்து, நல்ல இடத்துப் பெண் என்று ஊர் கேட்கச் சொன்னதுதான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பந்தியில் நான் இரண்டு தரம் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவினாசியப்பன் ஒரு காரை ஓட்டிக்கொண்டு மூக்குத்திப்பாளையம் வந்தார். அதே கடையில் வாங்கிய அதே மாதிரி வண்டி. வண்டி வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. இறங்கியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்த ஆளு என்னை ஏமாத்திப் போட்டானுங்க. சீக்கு வண்டியைத் தலையில கட்டிட்டான். உங்குளுது எத்தனை சாதுவா வந்துச்சு. இது சதா உறுமுது, புகை விடுது. பருத்திக்கொட்டை வெச்சேன், மோந்துகூடப் பாக்கலை. அதுவும் இல்லாம, காளை பூட்டறதுக்குள்ள தானாவே ஓடுது. இங்க வர்ற வரைக்கும் நானா வந்தேன்? அதுதான் என்னை இழுத்துக்கிட்டு வந்துச்சு."

மூவரும் காரை மெதுவாகச் சுற்றி வந்தார்கள். ஆறுச்சாமி குனிந்து அடிவயிற்றைப் பார்த்தான். நாச்சிமுத்து முகப்பில் காது வைத்துக் கேட்டான். ராக்கியப்பன் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டான்.

"மாமா, கயித்தோடவா வாங்கிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க. அவன் குடுத்தான், வாங்கிக்கிட்டேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவர்களுக்கு வருத்தமாக இருந்தது. ராக்கியப்பன் உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருகி உருவினான். உறுமல் நின்றது, புகை நின்றது, குலுக்கல் நின்றது. அவினாசியப்பன் துண்டை விலக்கிப் பார்த்தார்.

நாச்சிமுத்து காளைகளைப் பிடித்து வரக் கட்டுத்தறிப் பக்கம் நடந்தான். போகிற போக்கில் அவர் கையை ஆதரவாகப் பிடித்து அழுத்தினான்.

"கொணமாயிருச்சுங்க மாமா. இனிமே ஓடாது."