ஆற்று முடிச்சு

மலையடிவாரத்துப் பாசறைக்குப் படைத்தலைவன் ஆகவேண்டுமென்று வருஷா வருஷம் அறுபது பேர் வருவார்கள். ஆறு மாதம் கழித்துப் பத்துப் பேர் தேறினால் பெரிய விஷயம். கால் வீங்கி ஓடியவன் உண்டு, கம்பங்கூழ் இறங்காமல் ஓடியவன் உண்டு. அப்பா ஆசைப்பட்டாரே என்று வந்துவிட்டு முதல் வாரமே மூட்டை கட்டியவனும் உண்டு. அவர்களை விடுங்கள். எல்லாவற்றிலும் முதலாக வந்தவனைக் கடைசி நாளில் வீட்டுக்கு அனுப்பினால் என்ன சொல்வது?

பொறையனுக்கு அதுதான் நடந்தது.

சும்மா சொல்லக்கூடாது, பொறையன் சூரன். பரிசல்காரர் மகன், ஆற்றிலேயே வளர்ந்தவன். அவன் ஊரில் இதுவரை ஒருவரும் தலைவன் கச்சை கட்டியதில்லை. கடைசிச் சோதனைக்கு மறுநாள் மகன் அதைக் கட்டுவதைப் பார்க்க அவன் அப்பா மூன்று நாள் நடந்துவந்து சத்திரத்தில் காத்திருந்தார்.

கடைசிச் சோதனை ஆற்றைக் கடப்பது. ஒவ்வொருவனுக்கும் ஒன்பது வீரர்களை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுவார்கள். அவர்களைப் பழக்கி, வெள்ளத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி அக்கரை சேர்க்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் ஆட்களோடு உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பழகி விரல் தேய்ந்தார்கள். பொறையன் அந்த வம்பே வைத்துக்கொள்ளவில்லை. ஆற்றையே பார்க்காத இந்தக் கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு ஆற்று முடிச்சைச் சொல்லித் தருவதற்குள் தாவு தீர்ந்துவிடும், நானே போட்டால் ஆயிற்று என்று இருந்துவிட்டான்.

சோதனையன்று கயிற்றை இடுப்பில் சுற்றித் தானே நீந்தினான். இரண்டு கரையிலும் தானே கட்டினான். பயந்து நடுங்கிய இருவரை முதுகில் சுமந்து வந்தான். ஒன்பது பேரும் பத்திரமாகக் கரையேறினார்கள். வேறு எந்தக் குழுவும் அந்த வேகத்தில் பாதிகூட வரவில்லை.

ஆசான் கீரன் அக்கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பழைய போரொன்றில் இரண்டு விரலை இழந்தவர், அதிகம் பேசமாட்டார்.

"உனக்கு நாளைக்குக் கச்சை இல்லை. ஊருக்குப் போ," என்றார்.

பொறையன் பேயறைந்தவன் போல நின்றான். அப்பாவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

"என்ன தப்புச் செய்தேன், ஆசானே? ஒருவனையாவது விட்டுவிட்டு வந்தேனா?"

"இல்லை."

"பிறகு ஏன்?"

ஆசான் காவலுக்கு நின்ற பரிசலை அனுப்பிக் கயிற்றை இரண்டு கரையிலிருந்தும் அவிழ்த்து வரச் சொன்னார். பொறையனை மணலில் மல்லாந்து படுக்க வைத்து, முகம் மட்டும் தெரியத் தன் மேல்துண்டால் மூடினார். வாய் திறக்கக்கூடாது என்றார். பிறகு ஒன்பது பேரையும் பார்த்து, வந்த கரைக்கே திரும்பிப் போங்கள் என்றார்.

அவர்கள் பொறையனைப் பார்த்தார்கள். கயிற்றைப் பார்த்தார்கள். மறுபடி பொறையனைப் பார்த்தார்கள். கடைசியில் சாத்தன் என்பவன் ஏதோ ஒரு முடிச்சை மருதமரத்தில் போட்டு, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான்.

நடு ஆற்றில் அவன் கால் இடறியது. கயிறு விறைத்தது. மரத்து முடிச்சு உருவிக்கொண்டு போயிற்று. சாத்தனை வெள்ளம் இழுத்துச் சென்றது.

மற்ற எட்டுப் பேரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "தலைவரே! தலைவரே!" என்று மணலில் கிடந்தவனைப் பார்த்துக் கத்தினார்கள்.

பொறையன் துண்டை உதறி எழப் போனான். ஆசான் அவன் நெஞ்சில் கைவைத்து மண்ணோடு அழுத்தினார். இத்தனை பலமா அந்தக் கைக்கு என்று அவன் திடுக்கிட்டான். திமிறினான், கெஞ்சினான், அழுதுவிட்டான். அதற்குள் பரிசலில் இருந்தவர்கள் விரைந்து, சாத்தனின் முடியைப் பிடித்துக் கரையில் தூக்கிப் போட்டார்கள். அவன் தண்ணீரைக் கக்கி இருமினான். உயிர் இருந்தது.



"என்னை விட்டிருந்தால் நான் பிடித்திருப்பேனே, ஆசானே!"

"நீ செத்துப்போய் அரை நாழிகை ஆகிறது, பொறையா," என்றார் ஆசான். "அங்கே பார். எட்டுப் பேரும் இன்னும் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள்."