மூடியைப் பிடித்த கொம்பையா

"சுத்துதால?"

"இல்லண்ணே. நிக்குது."

ஏழாவது தடவையாக மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கொம்பையா சொன்னான். மேலக்கரை கபடிக் குழுவின் ஏழு பனியனும் வாஷிங் மெஷினுக்குள் சோப்புத் தண்ணியில் கிடந்தன. நாலு மணிக்கு இறுதி ஆட்டம். பனியன் போடாமல் களத்தில் இறங்க விடமாட்டார்கள். அந்த மெஷினே போன வருஷம் இரண்டாம் பரிசாக வந்ததுதான். முதல் பரிசு கிடா. அதற்குச் சுத்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தின்றிருக்கலாம்.

மெக்கானிக் லாரன்ஸுக்கு போன் போட்டார்கள். "மூடியை மூடுங்கப்பா, மூடினாத்தான் சுத்தும்" என்றார்.

மூடினார்கள். குர்ர் என்று சத்தம் வந்தது. சுத்துகிறதா என்று திறந்து பார்த்தார்கள். நின்றுவிட்டது.

"ஏமாத்துதுல" என்றான் கேப்டன் அருஞ்சுனை. "சத்தம் மட்டும் போடுது. வேலை செய்யல."

பிச்சைக்கனி தாடையைச் சொறிந்தான். அவன் பத்தாவதை மூன்று தடவை எழுதியவன், அதனால் அவன் பேச்சுக்கு மதிப்பு அதிகம். "அது வெக்கப்படுதுண்ணே. ஆள் பாத்தா சுத்தாது."

ஏழு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். குர்ர். "இப்ப சுத்துதால?" "திரும்பாம எப்படிண்ணே தெரியும்?" திரும்பினார்கள், திறந்தார்கள். நின்றுவிட்டது.

மறுபடி போன். நிறுத்தி நிறுத்திப் போட்டால் மோட்டார் சூடாகிவிடும், கால் மணி நேரம் மெஷினுக்கு ரெஸ்ட் கொடுங்கள் என்றார் லாரன்ஸ். பாய் விரித்து, மெஷினைப் படுக்கப் போட்டு, தலையணையும் வைத்தார்கள். எந்தப் பக்கம் தலை என்பதில் மட்டும் சின்னச் சண்டை. தண்ணி அடுப்படி வரைக்கும் போனது.

மூன்றாவது போனில் லாரன்ஸ் கத்தினார். "நிமித்தி வச்சு, மூடி, சுவிட்சைப் போடுங்க! நான் நாளைக்கு வாரேன். நான் வந்து சொல்ற வரைக்கும் எவனும் அந்த மூடியைத் திறக்கக் கூடாது!"

அருஞ்சுனை கொம்பையாவை முறைத்தான். "மூணு வருஷமா டீம்ல இருக்க. எதிராளி ஒருத்தனையாவது பிடிச்சிருக்கியா? இந்த மூடியையாவது பிடி. இதையும் விட்டே, உன் இடத்துக்கு வேற ஆளு. சத்தம் நின்னதும் துணியைக் கொண்டு மைதானத்துக்கு வா."

கபடியை விட்டால் கொம்பையாவுக்கு வேறு வேலை கிடையாது. மூடிமேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். மெஷின் உள்ளே அருமையாகச் சுத்தியது. அரை மணியில் பீப் பீப் என்று அடித்து நின்றது.

துணியைக் கொண்டுபோக வேண்டும். மூடியைத் திறக்கக் கூடாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு லோடு வண்டியைப் பிடித்தான்.

"தம்பி, துணியை மட்டும் எடுத்துட்டுப் போனா என்ன?" என்று கேட்டார் டிரைவர். பாவம், விவரம் தெரியாத மனுஷன்.

மைதானத்தில் ஆறு பேரும் இடுப்பில் துண்டோடு நின்றார்கள். நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். வண்டி வந்தது. மெஷினைக் கட்டிப்பிடித்தபடி கொம்பையாவும் வந்தான். நாலு பேர் சேர்ந்து இரண்டையும் ஒன்றாகவே களத்தில் இறக்கினார்கள்.

"மூடியைத் திறல!" என்றான் அருஞ்சுனை.

"லாரன்ஸண்ணன் வந்து சொல்லணும்."

போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார்கள். "நான்தாம்ப்பா சொல்றேன், திற!"

"வந்து சொல்லும்!"

ஆறு பேரும் பாய்ந்தார்கள். கொம்பையா ஒரு கையால் மூடியை அமுக்கி, மறு கையால் ஒருத்தன் காலை வாரினான். அவன் விழுந்து அடுத்தவனை இழுத்தான். கடைசியில் ஆறு பேரும் குவியலாக அவனுக்கு அடியில் கிடந்தார்கள், துண்டுகள் எங்கெங்கோ கிடந்தன. மூடி மூடியபடியே இருந்தது. நடுவர் பழக்கதோஷத்தில் விசில் ஊதிவிட்டார்.

ஆடாமலேயே எதிரணிக்குக் கோப்பை. ஆனால் ஒரே பிடியில் ஆறு பேர் என்பதை அந்த வட்டாரம் கண்டதில்லை. கமிட்டிக்காரர்கள் கூடிக் கூடிப் பேசிவிட்டு மைக்கைத் தட்டினார்கள். "சிறந்த பிடி வீரர், மேலக்கரை கொம்பையா! மேடைக்கு வரவும்!"

மூன்று வருஷமாக அவன் கனவு கண்ட வார்த்தை. மூன்று தடவை கூப்பிட்டார்கள். மெஷின்மேல் படுத்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

போகவில்லை.