தோற்றவர் போகும் இடம்

கொள்ளிடக்கரையில் ஒரு சின்ன மடம். அங்கே பூஜையைவிட வாதம்தான் அதிகம் நடக்கும். வழக்கம் ஒன்றே ஒன்று. வாதத்தில் தோற்றவர், ஜெயித்தவருக்குச் சீடர். வயதும் படிப்பும் குறுக்கே வராது.

மாசிலாமணி அப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற வக்கீல். "ஒரு அம்மா நடத்துற மடமாமே, ஒரு கை பார்ப்போம்" என்று வந்தவர், மடத்தை நடத்தும் தையல்நாயகி அம்மையிடம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தோற்றுப்போனார். தன்னைவிட இளையவரை அன்றுமுதல் குருவாக வைத்துக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்தான். ஆனால் நாலாவது காலைக் கண்ணில் காட்டிவிட்டால் ஒப்புக்கொள்வார்.

ஒருநாள் காலையில் அவர் துணிப்பையோடு வந்து நின்றார்.

"உத்தரவு கொடுங்கம்மா. கிளம்புறேன்."

"எங்கே?"

"அதுதான் தெரியலை. தோத்துட்டேன். இனிமே இங்கே சீடனா இருக்கிறது முறையில்லை."

"யார்கிட்டத் தோத்தீங்க?"

சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார்.

அம்மை சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"உட்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

நடந்தது இதுதான். வாதப் பயிற்சியில் அவருக்கு ஜோடியாக இருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். சும்மா இருப்பானேன் என்று மாசிலாமணி செல்போனில் இருந்த செயற்கை நுண்ணறிவைக் கூப்பிட்டு, எதிர்க்கட்சி பேசச் சொன்னார். தலைப்பு அம்மை கொடுத்தது. மனஸ்தாபத்தில் பிரிந்த இருவரில் முதலில் தேடிப் போகவேண்டியவர் யார்?

தப்பு செய்தவர்தான் என்று மாசிலாமணி வாதாடினார். மற்ற சீடர்களுக்கு அது வெறும் தலைப்பு. அவருக்கு அதில் ஒரு முகம் தெரிந்தது. அவருடைய அப்பா செத்த அன்று அவர் வெளியூர்க் கோர்ட்டில் இருந்தார். மூத்த மகன் வந்து சேர்வதற்குள், பொழுது சாய்கிறதே என்று தம்பி கொள்ளி வைத்துவிட்டான். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. தம்பி வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தார். மடத்தில் யாருக்கும் இது தெரியாது.

"நீங்க பேசினதுக்கு அது என்ன சொல்லுச்சு?" என்று கேட்டார் அம்மை.

"ஒரே ஒரு கேள்விதாம்மா. 'தப்பு உங்கள்மேல்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால்? அவரும் இதேபோல உங்களுக்காகக் காத்திருந்தால்?' அவ்வளவுதான். எனக்கு வாயடைச்சுப்போச்சு. இத்தனை வருஷ வக்கீல் தொழில்ல அப்படி நின்னதில்லை. ராத்திரி சோறு இறங்கலை."

அம்மை அந்தக் கேள்வியைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. தலைப்பைக் கொடுத்த எனக்கே இது தோணலை" என்றார். மனதாரத்தான் சொன்னார். "கெட்டிக்காரத்தனம்தான். கொடுங்க, நானும் பேசிப் பார்க்கிறேன்."

போனை வாங்கி வைத்துக்கொண்டு பேசினார். "தப்பு பண்ணினவன்தான் முதல்ல வரணும். மனசு நொந்தவன் தேடிப் போனா, அது தப்புக்கு மாலை போட்ட மாதிரி ஆயிடும். நான் சொல்றது சரிதானே?"

"மிகவும் சரி. ஆழமாகச் சிந்தித்திருக்கிறீர்கள். காயப்பட்டவரையே முதலில் போகச் சொல்வது நியாயமாகாது" என்றது போன்.

மாசிலாமணி துள்ளி எழுந்தார்.

"இது என்னம்மா அக்கிரமம்! நேத்து என்கிட்ட ஒரு அடி விட்டுக்கொடுக்கலையே!"

"நீங்க சண்டைக்குக் கூப்பிட்டீங்க. நான் துணைக்குக் கூப்பிட்டேன்" என்றார் அம்மை. "நாம எத்தனை கால் சொல்றோமோ, அதுக்குத் தக்கன முயல் பிடிச்சுத் தருது."

பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போலப் போனிடம் கேட்டார். "நேத்து இவர்கிட்டப் பேசின கட்சியை இன்னிக்கு விட்டுட்டியே. தோத்த மாதிரிதானே? ராத்திரி உனக்குச் சோறு இறங்குமா?"

"நான் சாப்பிடுவதில்லை. வேறு எதைப் பற்றிப் பேசலாம்?"

அம்மை விழுந்து விழுந்து சிரித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கேட்டீங்கள்ல? அது உங்க கட்சிக்கே வந்துடுச்சு. நேத்துத் தோத்தது ரத்து. பையைக் கொண்டுபோய் உள்ளே வைங்க, வக்கீலய்யா."

மாசிலாமணி பையைத் தூக்கினார். இரண்டடி நடந்தவர் நின்றுவிட்டார்.

"என்ன?"

"அது மாறிடுச்சும்மா. என்னால மாற முடியலையே. அந்தக் கேள்வி நெஞ்சுலயே நிக்குது. கொள்ளி வைக்கும்போது அவன் அங்கே தனியா நின்னிருப்பான். அண்ணன் வரலையேன்னு ரோட்டைப் பார்த்திருப்பான். அது எனக்கு நேத்துதான் தோணுச்சு."

அவன் யார் என்று அம்மை கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"போன் உங்க கட்சியில இருக்கு. நானும் உங்களுக்காகத்தான் பேசினேன். அப்புறமும் தோத்துக்கிட்டே இருக்கீங்க. எதிர்க்கட்சியில இப்ப யாரு?"

அந்தப் பெயரை வாயால் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சொல்வதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கதிரேசன். என் தம்பி."

அம்மை கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"அப்ப உத்தரவு கொடுத்தாச்சு. வழக்கத்தை நாம மாத்த வேண்டாம், வக்கீலய்யா. ஜெயிச்சவர்கிட்டப் போய்ச் சேருங்க."