சிறுத்துக்கொண்டே போன மாதா

"என் மாதாவைத் திருடுறாங்க, சாமி!"

இத்தாலியின் பதுவை நகரத்து மடத்தின் வார்ப்புப் பட்டறையில் தத்தேயோ போட்ட சத்தத்தில், துருத்தி ஊதிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

தத்தேயோ பொற்கொல்லராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு, நரைத்த தாடியோடு வந்து மடத்தில் சேர்ந்தவர். அவருடைய குரு நெல்லோ சாமிக்கு வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு.

"எதை வச்சுச் சொல்றீர்?"

தத்தேயோ இரண்டு வெண்கலத் தகடுகளை மேசைமேல் வைத்தார்.

ஒன்று அவர் செய்தது, உள்ளங்கை அகலம். பிள்ளை இயேசு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மாதாவின் இமை மயிரைக்கூட எண்ணிவிடலாம். மற்றது சந்தையில் வாங்கியது. கொஞ்சம் சின்னது. கண் மங்கல், விரல் மொழுமொழு.

"நம்ம மாதாவைக் களிமண்ணுல அழுத்தி அச்சு எடுக்கிறான். வெண்கலம் ஆறும்போது சுருங்குமில்லையா? நகல் சின்னதாகுது. அந்த நகலுக்கு இன்னொருத்தன் நகல் எடுக்கிறான், அது இன்னும் சின்னது. பின்பக்கம் இருந்த என் பெயரும் அழிஞ்சு போச்சு! உத்தரவு கொடுங்க, நகர மன்றத்துல வழக்குப் போடுறேன். அத்தனையையும் பிடுங்கி உருக்கணும்."

"போடும். முதல்ல, இருக்கிறதிலேயே சின்னதைக் கொண்டு வாரும்."

தத்தேயோ வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினார். சந்தைக்குச் சந்தை மாதா சிறுத்துக்கொண்டே போனாள்.

வெனிஸ் துறைமுகத்தில் வலை பின்னுகிற சுவானே என்பவனிடம் இருப்பதுதான் எல்லாவற்றிலும் சின்னது என்றார்கள். போய்க் கேட்டார்.

"உட்காருங்க ஐயா, காட்டுறேன்" என்றான் அவன்.

சொல்லிவிட்டு வாய்க்குள் விரலை விட்டான். நாக்குக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினான். கட்டைவிரல் நகத்தளவு வெண்கலம். முகமே இல்லை.

"சீ! இதுக்கா மாதான்னு பேரு?"

சுவானேவுக்குக் கோபம் வரவில்லை.

"கடற்கொள்ளைக்காரங்க எங்களைப் பிடிச்சுத் துடுப்போட சங்கிலி போட்டாங்க. கோவணம் வரைக்கும் உருவிட்டாங்க. இவ மட்டும் என் வாய்க்குள்ள தப்பிச்சா. இவளை நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டே பேசப் பழகினோம், காவல்காரனுக்குச் சந்தேகமே வரல. ஆள் மாத்தி ஆள், நாங்க உட்கார்ந்து துடுப்புப் போடுற பலகை முழுக்கச் சுத்தி வருவா. கும்மிருட்டுல நாக்கால தடவினா, பிள்ளை அம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டிருக்கிறது தெரியும். அது போதும், இன்னும் கொஞ்சம் துடுப்புப் போடலாம். எங்களை மீட்டுக் கரை சேர்த்த அன்னைக்கு, எங்க பலகையில ஒரு ஆள் குறையல, ஐயா."

தத்தேயோ அதைக் கையில் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

கழுத்தைச் சுற்றிய அந்தக் குட்டிக் கை. அவர் வைத்த கை. அப்படியே இருந்தது.

"இதை எனக்குக் கொடுப்பியா?"

"உயிரைக் கேளுங்க, தர்றேன். இவளைத் தரமாட்டேன்."

தத்தேயோ நடுத் துறைமுகத்தில் வாய்விட்டுச் சிரித்தார். வாழ்நாளில் அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

வெறுங்கையோடு திரும்பியவரை நெல்லோ சாமி ஏற இறங்கப் பார்த்தார்.

"சின்னது எங்கே?"

"அவளுக்கு அங்கே வேலை இருக்கு, சாமி."

"வழக்கு?"

தத்தேயோ நேரே பட்டறைக்குப் போனார். வார்ப்புக்கு உருச் செய்யும் மெழுகின் முன்னால் உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

சில நாள் கழித்து, வார்த்து ஆறிய நகத்தளவு மாதா ஒன்றைக் கழுவி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, குருவின் முன்னால் வந்து நின்றார். தாடியெல்லாம் கரி, முகமெல்லாம் சிரிப்பு.

"நான் பேசுறது தெளிவாக் கேக்குதா, சாமி?"