திருக்கைவால் சாட்டை

காப்பாட்சியர் செண்பகவல்லிக்கு முப்பத்துநான்கு வயது. அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல அவளிடம் கற்றுக்கொண்டிருந்த குஞ்சிதபாதத்துக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்று வந்தவர், முதல் நாளே அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு புதன்கிழமை கேட்டார்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு எதைச் சொல்லலாம், எதை விட்டுடலாம் மேடம்?"

"இன்னைக்கு ஏழாம் வகுப்பு ஏ பிரிவு வருது. நீங்களே அழைச்சிட்டுப் போங்க."



அங்கே ஒரு வழக்கம் உண்டு. வரும் வகுப்பு ஏதாவது ஒரு பொருளைக் கைகாட்டினால், பெட்டியைத் திறந்து அதைத் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள். நாணயம், பானை, செப்பேடு எல்லாம் இருந்தும் அன்று பிள்ளைகள் கைகாட்டியது சாட்டையை. திருக்கை மீனின் வால். கீழே அட்டையில், 'மாடு ஓட்டும் சாட்டை. பண்ணை வீட்டு அன்பளிப்பு' என்றிருந்தது.

இளவஞ்சி என்ற பெண் அதன்மேல் விரலை ஓட்டினாள்.

"முள்ளு முள்ளா இருக்கு சார். இதால அடிச்சா மாட்டுத் தோலு பிஞ்சிடுமே?"

"மெதுவா அடிப்பாங்கம்மா."

"எங்க வீட்டுல மாடு இருக்கு சார். தோலுல புண்ணு வந்தா ஏர்ல பூட்ட முடியாது. எங்க முப்பாட்டன் அந்தப் பண்ணையிலதான் வேலை பார்த்தாராம். நெசமா யாரை சார் அடிச்சாங்க?"

குஞ்சிதபாதம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல வேளையாக, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று வகுப்பாசிரியர் பிள்ளைகளை வரிசையாக வெளியே கூட்டிப் போனார்.

குஞ்சிதபாதம் நேரே செண்பகவல்லியின் மேசைக்கு வந்தார். வெட்கமாக இருந்தது.

"எங்க தாத்தா அந்தப் பண்ணையில காரியஸ்தர் மேடம். கூலி ஆளுங்களைக் களத்துல கட்டி வச்சு அடிப்பாராம். மூணு வருஷத்துக்கு முன்னால சாட்டையை இங்க கொண்டாந்து குடுத்தது நான். அட்டையில மாடுன்னும் பண்ணை வீட்டு அன்பளிப்புன்னும் எழுதச் சொன்னதும் நான்தான்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"நீங்க கொண்டாந்த மாதிரி, மாட்டுச் சாட்டையை யாரும் துணியில சுத்திப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்க மாட்டாங்க."

"அப்பவே அட்டையை மாத்தியிருக்கலாமே?"

செண்பகவல்லி இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, பேனாவோடு அவர் முன் வைத்தாள்.

அவர் பேனாவைத் தொடவில்லை.

"அடுத்த புதன்கிழமை பி பிரிவு வருது. அதுல என் பேத்தியும் இருக்கா. தாத்தா வீட்டுச் சாட்டைன்னு பெருமையா பார்க்க வர்றா. அந்தப் பெருமை நம்ம கையாலயா முடியணும் மேடம்? அவ பன்னெண்டு வயசுப் பொண்ணு."

"இளவஞ்சிக்கும் பன்னெண்டுதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல கேப்பா சார். அங்க பதில் தெரியும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல உங்க பேத்தி அதை அவ வாயிலேர்ந்து கேக்கணுமா?"